வியாசர்பாடி என்று நேர்காணலில் சொல்லலாமா?

18 ஆகஸ்ட் 2023, கேள்வி

இந்த ஆண்டு வணிகவியல் பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். தரமணியில் உள்ள ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வேலைக்குச் செப்டம்பர் முதல் வாரத்தில் நேர்காணல் இருக்கிறது. வீடு வடசென்னையில், வியாசர்பாடியில். சென்ற மாதம் வேறோர் இடத்தில் ஊரைச் சொன்னதும், கேள்வி கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. பெரம்பூர் என்று சொல்லிவிடு என்கிறார்கள் நண்பர்கள். சித்தி வீடு வில்லிவாக்கத்தில் இருக்கிறது. அந்த முகவரியைக் கொடுத்தால் தவறா ஐயா?

18 ஆகஸ்ட் 2023, இரவு, பதில்

வியாசர்பாடி என்றே சொல்லுங்கள். பெரம்பூர் என்றால் பெரம்பூரில் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். சித்தி வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். அது கொஞ்சம் வெட்கக்கேடான காரணம்.

20 ஆகஸ்ட் 2023

எங்கள் தாத்தாவும் அப்பாவும் பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள். தாத்தா சொல்லி அப்பா உள்ளே போனார். நேர்காணல் என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. 1996இல் மில் மூடப்பட்ட பிறகு, குடும்பத்தில் முதன்முதலாக ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லி வேலை வாங்க வேண்டியவன் நானாகிவிட்டேன். 1998இல் பாரிமுனைப் பக்கம், கப்பல் சரக்குகளுக்கு ஆவணம் பார்க்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார்கள். அண்ணா நகர் என்றேன். மாமா வீடு அங்கே இருந்தது. விண்ணப்பத்திலும் அந்த முகவரியையே எழுதியிருந்தேன். மறுவாரம் வேலை கிடைத்துவிட்டது, முகவரியால்தான் கிடைத்தது என்று நான் நம்பியும் விட்டேன்.

கப்பல் புறப்படும் நாட்களில் ஆவண வேலை இரவு ஒன்பதைத் தாண்டும். அப்போது அலுவலக வேனில் வீட்டுக்கு அனுப்புவார்கள். பாரிமுனையிலிருந்து எங்கள் வீடு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். நானோ வேனில் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக அண்ணா நகர் வரை போய், மாமா வீட்டுத் தெருமுனையில் இறங்கி, ஓட்டுநருக்குக் கையசைத்து, வேன் திரும்பி மறையும் வரை ஒரு மளிகைக்கடை வாசலில் நின்றுவிட்டு, பிறகு பேருந்து பிடித்து அயனாவரம், பெரம்பூர் வழியாக வீடு வந்து சேர்வேன். சில இரவுகளில் பதினொன்றரை ஆகிவிடும். எட்டு மாதம் இப்படி நடந்தது. கடைக்காரர் என்னை எந்த வகை ஆள் என்று நினைத்தாரோ தெரியாது.

மேலாளர் தம் மகள் திருமணத்துக்குப் பத்திரிகை வைக்க மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். அத்தை வெள்ளந்தியானவர். “அவன் இங்கே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான், வீடு வியாசர்பாடியில்” என்று சொல்லிக் காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அப்படியானால் அந்த வேனுக்கு டீசல் யார் கொடுப்பது?” வேலையை விட்டு நீக்கவில்லை. அன்று முதல் வேன் என்னை எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டது.

21 ஆகஸ்ட் 2023

எட்டு மாதம் என்று நேற்று எழுதியது மிகை. எண்ணிப் பார்த்தேன், ஆறரை மாதம்தான். பொய்யைப் பற்றி எழுதும்போதே கணக்கு இப்படிக் கூடிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 6,500 ரூபாய். நான் வாங்கியது 2,200. ஆகவே அட்டை கிடைத்தது. கொடுத்த முகவரியை வைத்து மருந்தகத்தையும் அந்தப் பக்கமே ஒதுக்கிவிட்டார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, பக்கத்து மருந்தகத்தை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி அழைத்துப் போனேன். ஏன் இவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டதற்கு அங்கே டாக்டர் கைராசிக்காரர் என்றேன்.

இன்றைக்கு இது நடக்கவே நடக்காது என்பதும் உண்மை. பல நிறுவனங்கள் ஆளைச் சேர்த்த பின் சரிபார்ப்புக்கு வெளியாள் அனுப்புகின்றன. அவர் வீட்டுக் கதவைத் தட்டி, யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, வாசலைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார். ஆதாரில் ஒரு முகவரியும் விண்ணப்பத்தில் வேறொன்றும் இருந்தால், ஊரைப் பற்றிய சிரிப்பு போய், ஆளைப் பற்றிய சந்தேகம் வந்துவிடும்.

24 ஆகஸ்ட் 2023

கொடுங்கையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கருத்து இதுதான்: உங்களுக்கு அண்ணா நகரில் மாமா இருந்தார், பொய் சொல்லி உள்ளே போனீர்கள், பிடிபட்டும் வேலை நிலைத்தது. நான் உண்மையைச் சொல்லி மூன்று இடங்களில் கழிக்கப்பட்டேன். குப்பைக்கிடங்கு இருக்கும் ஊர்தானே என்று ஓரிடத்தில் வாய்விட்டே கேட்டார்கள். உண்மையைச் சொல் என்று அறிவுரை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?

நியாயமான கேள்வி. மூன்று நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரைச் சொன்னால் வேலை போகாது என்று நான் நினைத்தது பிழை. சில இடங்களில் போகும். அந்த மேலாளரை இங்கே கொஞ்சம் பெருந்தன்மையாகக் காட்டிவிட்டேன் என்றும் தோன்றுகிறது. வேறொரு நாள், கோப்பு ஒன்று காணாமல் போனபோது, “அந்தப் பக்கத்துப் பசங்களைச் சேர்த்தால் இப்படித்தான்” என்று என் காதுபடவே சொன்னவர் அவர்தான். கோப்பு அவர் மேசையடியில் கிடந்தது.

ஆகவே என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். ஊரை மறைப்பதால் அந்தச் சிரிப்பு நின்றுவிடாது. உள்ளே போன பிறகு தினமும் அதைத் தாங்கிக்கொண்டு, கூடவே பொய்யையும் சுமக்க வேண்டியிருக்கும். சொல்லிவிட்டால் பாதிச் சுமைதான். ஆனால் அதற்கு விலையே இல்லை என்று இனி எழுத மாட்டேன்.

நான் இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடசென்னை மணலியிலிருந்து வந்த ஒரு பையனிடம் மழைக்காலத்தில் எப்படி வருவாய் என்று கேட்டேன். தென்சென்னை அடையாறிலிருந்து வந்தவரிடம் கேட்கவில்லை. போக்குவரத்துக் கேள்விதான் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

27 ஆகஸ்ட் 2023

முகவரியை விடுவோம். கேள்வி கேட்ட தம்பி நேற்று எழுதிய சிறு குறிப்பில், “எனக்கு அனுபவம் எதுவும் இல்லை, எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு இரண்டு வருடம் கணக்கு எழுதிக் கொடுத்தது மட்டும்தான்” என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. விண்ணப்பத்தில் கேரம் விளையாட்டும் பாட்டுக் கேட்பதும் இருக்கின்றன, இது இல்லை!

குழுவின் ரொக்க ஏட்டுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் எப்போதாவது வித்தியாசம் வந்ததா என்று கேட்டேன். ஒருமுறை 236 ரூபாய் இடித்ததாம். இரண்டு நாள் தேடி, அது வங்கிக் கட்டணம் 200 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாயும் என்று கண்டுபிடித்தாராம். தம்பி, பள்ளியில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்தீர்களே, அது இதுதான். நேர்காணலில் பி.ஆர்.எஸ். என்று கேட்பார்கள். நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகாமல் இருந்தால் வங்கி இருப்பு கூடுதலாகத் தெரியும். வங்கி பிடித்த கட்டணத்தை நாம் எழுதாமல் இருந்தால் குறைவாகத் தெரியும். இதைப் புத்தக வரையறையாக ஒப்பிக்காமல், அந்த 236 ரூபாயைச் சொல்லுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பெயரில்தான். இருப்பாய்வு என்றால் கை தானாகவே போடும். ட்ரயல் பேலன்ஸ் என்று கேட்டால் ஒரு நொடி விழிப்போம். பேரேடு, லெட்ஜர். தேய்மானம், டிப்ரிசியேஷன். கடனீந்தோர் என்று படித்தவர்களை அலுவலகத்தில் வெண்டார் என்றும், அவர்களுக்குத் தர வேண்டிய தொகையைப் பேயபிள் என்றும் சொல்வார்கள். ஒரு தாளில் இருபது சொற்களை இடமும் வலமுமாக எழுதி, வலப்பக்கத்துச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வாய்விட்டு என்பது முக்கியம். மனத்துக்குள் எல்லோரும் நன்றாகத்தான் ஆங்கிலம் பேசுகிறோம்.

சுய அறிமுகத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். போன மாதம் நான் பார்த்த ஆறு பேரில் நான்கு பேர் ஒரே வரிகளை ஒப்பித்தார்கள். ஒருவர் நடுவில் மறந்துபோய், தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார், தேசிய கீதத்தைப் போல. எனக்கு எழுந்து நிற்கலாமா என்று இருந்தது.

30 ஆகஸ்ட் 2023

நேர்காணலுக்குப் போகும் வழியைப் பற்றித் தம்பி கேட்டிருக்கிறார். வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ஏறி மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் நேராகத் தரமணி. முதல் நாளே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

31 ஆகஸ்ட் 2023

நேற்று சொன்ன வழியில் போக முடியாது. நான்காவது ரயில் பாதைப் பணிக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை 27ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள் என்று இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இப்போதைக்குச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். முதல் நாளே போய்ப் பார்க்கச் சொன்ன அறிவுரை மட்டும் தப்பியது. அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

6 செப்டம்பர் 2023, கேள்வி கேட்டவர்

நேர்காணல் முடிந்தது. இரண்டு பேர் கேட்டார்கள். வியாசர்பாடி என்றேன். ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, மற்றவர் அது எங்கே இருக்கிறது என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பி.ஆர்.எஸ். கேட்டார்கள். குழுக் கணக்கைச் சொன்னதும், பெண்கள் சந்தா கட்டாமல் விட்டால் எப்படி எழுதுவாய் என்று தொடங்கிப் பத்து நிமிடம் அதிலேயே போயிற்று. நடுவில் ஆங்கிலம் நின்றுவிட்டது. ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். ஜி.எஸ்.டி. வந்த தேதியைக் கேட்டார்கள், 2017 ஜூலை 1 என்று சொல்லிவிட்டேன். இன்று மாலை மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 2,43,192 ரூபாய் என்று போட்டிருக்கிறது. மாதம் இருபதாயிரம் கைக்கு வரும் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

8 செப்டம்பர் 2023

மகிழ்ச்சி. அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

தம்பி அனுப்பிய விவரப்படி மாத மொத்தச் சம்பளம் 18,000. அதில் அடிப்படைச் சம்பளம் 10,000. வருங்கால வைப்பு நிதிக்கு அவரிடம் அடிப்படையில் 12 சதவீதம், 1,200 ரூபாய் பிடிப்பார்கள். மொத்தச் சம்பளம் 21,000ஐத் தாண்டாததால் இ.எஸ்.ஐ. உண்டு, அவர் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். மிச்சம் 16,665. அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டுவதால் மாநகராட்சித் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தனியாகப் போகும். அதைப் பிடிக்கும் மாதத்தில் சம்பளம் குறைந்ததே என்று திடுக்கிட வேண்டாம்.

நிறுவனம் தன் பங்குக்கு வைப்பு நிதி 1,200 கட்டும். அதில் 833 ஓய்வூதியக் கணக்குக்குப் போய் 367தான் உங்கள் நிதியில் சேரும். இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 585. இவற்றையும் உங்கள் சம்பளம் என்றே கடிதத்தில் கூட்டிக் காட்டுவார்கள். கூட்டினால் மாதம் 19,785, ஆண்டுக்கு 2,37,420. கடிதத்தில் இருப்பதோ 2,43,192. 5,772 ரூபாய் இடிக்கிறது. எங்கே போயிற்று என்று இரவு முழுவதும் பார்த்தேன், பிடிபடவில்லை.

9 செப்டம்பர் 2023

பிடிபட்டது. 5,772ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 481. அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். பணிக்கொடை! ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று கணக்கிட்டால் அதுதான் வருகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கிடைக்கும் பணத்தை முதல் நாளே சம்பளத்தில் கூட்டி எழுதியிருக்கிறார்கள். இது வழக்கமான வித்தைதான்.

சேரும் நாளில் இரண்டைப் பாருங்கள். வைப்பு நிதிக்கான பன்னிரண்டு இலக்க எண் புதிதாகக் கிடைக்கும். அதில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் பிறகு அலைய வைக்கும். இ.எஸ்.ஐ. மருந்தகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கைராசி டாக்டர் கதை ஒரு குடும்பத்துக்குப் போதும்.

மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர முன்பணம் கேட்கும் இடம் எதுவாயினும் அது வேலை கொடுக்கும் இடம் அல்ல.

12 செப்டம்பர் 2023

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கும் ஒரு பெண், கணக்கர் வேலையை மட்டுமே வேலை என்று பேசுகிறீர்கள், பத்து மணி நேரம் நிற்கிறோமே என்று கேட்டிருக்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் திருத்தமே வந்துவிட்டது. சேர்ந்த முதல் வாரத்திலேயே தனியாகப் போய் இதைக் கேட்காதீர்கள். பழைய ஆட்களோடு சேர்ந்து கேளுங்கள்.

17 அக்டோபர் 2023

தம்பி வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சாரம் இவ்வளவுதான்: சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காருகிறேன், எல்லோரும் வேகமாக ஆங்கிலம் பேசுகிறார்கள்.

சந்தேகத்தைப் பற்றி முதலில். அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை, கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. ஒத்துப்போகாத பில்லை நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தினால் திட்டுவார்களோ என்று விட்டுவிட்டாராம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கண்டெய்னர் எண்ணைத் தட்டச்சு செய்தபோது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டேன். அந்த எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். முன்னவை மாறினால் கடைசி இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அது அப்போது தெரியாது. மதியமே என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது; மாலை வரை வாய் திறக்கவில்லை. மூத்த எழுத்தர் ஒருவர் விரலால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். தவறுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. “எப்போது தெரியும்?” என்று கேட்டார். மதியம் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆகவே அந்தப் பில்லைப் பற்றி நாளைக் காலையே சொல்லிவிடுங்கள். சந்தேகங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒரே நேரத்தில் நான்கைந்தாகக் கேளுங்கள். கேட்டதற்கு வந்த விடையையும் எதிரே எழுதுங்கள். ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்னிடம் வழி இல்லை. நான் மூன்று மாதம் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஒரு நாள் அம்மா வைத்த வஞ்சிரக் குழம்பின் வாசனைக்குப் பக்கத்து மேசைக்காரர் வந்துவிட்டார். தரமணியில் அசைவம் கொண்டுவர விடுகிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

11 டிசம்பர் 2023

புயலுக்குப் பிறகு இன்றுதான் எங்கள் பக்கம் எல்லாம் ஓரளவு வடிந்திருக்கிறது. தம்பி வீட்டில் முழங்கால் அளவு தண்ணீராம். அரசு பொது விடுமுறை அறிவித்திருந்தது, அது போக மூன்று நாள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பியதற்கு, பத்திரமாக இருங்கள், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. திரும்பிப் போனதும் மூன்று நாளுக்கும் சம்பளம் பிடிப்போம், தகுதிகாண் காலத்தில் விடுப்பு கிடையாது என்கிறதாம் மனிதவளப் பிரிவு. தெற்கே இருப்பவர்கள் அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கிறார்கள். இவர் வீட்டில் மின்சாரமே இல்லை.

நியமனக் கடிதத்தை எடுத்து விடுப்பு பற்றிய பத்தியைப் படியுங்கள். கிடையாது என்று எழுதியிருந்தால் சண்டை போட்டுப் பயனில்லை. ஒன்றும் எழுதாமல் இருந்தால், தண்ணீர் நின்ற படங்களையும் மேற்பார்வையாளர் அனுப்பிய பதிலையும் சேர்த்து, மூன்று நாளையும் வார விடுமுறைகளில் ஈடு செய்கிறேன் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஆகஸ்டில் மணலிப் பையனிடம் நான் கேட்ட மழைக் கேள்வி நினைவுக்கு வந்தது. அவனை அப்போது எடுக்கவில்லை. இந்தப் புயலில் என் அலுவலகத்தில் நான்கு நாள் வராத ஒரே ஆள் நான்தான்.

7 ஜனவரி 2024

இரண்டு நாள் சம்பளத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்களாம், ஒரு நாள் போயிற்று. நிவாரணத் தொகை 6,000 ரூபாய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நிற்க அரை நாள் அனுமதி கேட்டபோது, அந்த மேற்பார்வையாளரே தாமும் நின்றதாகச் சொன்னாராம். அவர் வீடு வேளச்சேரியாம்.

இந்த மாதம் ஆண்டுக் கணக்கு வேலைக்காக இரவு வரை இருக்கிறார்கள், வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். எங்கே இறக்க வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டதற்கு வியாசர்பாடி என்றாராம். ஓட்டுநர் வீடு சர்மா நகராம். எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியில் இருவரும் சேர்ந்தே வீடு வருகிறார்களாம்.